ஒரு வாய்த் தண்ணீர்



வைகாசிப் பிரம்மோற்சவத்துக்கென்று வீடு வாசலை விட்டுக் கச்சிநகர் வந்து, பேரருளாளன் திருவடிவாரத்திலே நிற்கும் தங்களுக்கு அடியேன் விண்ணப்பித்துக்கொள்வது பெரிய வேதாந்த விசாரம் ஒன்றுமில்லை. ஊரிலிருந்து புறப்பட்டு இத்திருவாசலை அடைவதற்குள் தங்களுக்கு எத்தனை பேர் உபகாரம் செய்தார்கள் என்பதைச் சற்றே திருவுள்ளம் பற்ற வேண்டும் என்பதுதான். பேருந்தில் ஒதுங்கி அமர்ந்து இடம் தந்தவர் ஒருவர் இருந்திருப்பார். "சின்ன காஞ்சிபுரம் போக இங்கே இறங்காதீர்கள், அடுத்த நிறுத்தம்" என்று தாமாகவே சொன்னவர் ஒருவர். தண்ணீர்ப் பந்தலில் நீர்மோர் வார்த்த கை ஒன்று. கூட்டத்தில் அழுத குழந்தையைத் தம் தோள்மேல் ஏற்றிக் கருடனைக் காட்டிய நெடியவர் ஒருவர். இவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. முகங்களும் மாலைக்குள் மறந்துவிடும்.

உபந்யாசங்களில் நாம் கேட்பதெல்லாம் பெரிய உபகாரங்கள். சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தம் தசையை அரிந்து தராசில் வைத்தார். கர்ணன் கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்தான். கேட்டு உருகுகிறோம், கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம், வீடு திரும்புகிறோம். நம் வீட்டு வாசலுக்குப் பருந்து துரத்திய புறா எதுவும் வருவதில்லை. அடுத்த வீட்டு அம்மாள் உறை மோர் கேட்டு வருகிறாள். வழி தெரியாத ஒருவர் தெருப்பெயர் கேட்டு நிற்கிறார். மூட்டையை இறக்கி வைக்க ஒரு கை போதாமல் ஒருவர் தவிக்கிறார். இத்தகைய சில்லறை உபகாரங்களுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் இடம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதுவும் இந்தக் காஞ்சியிலேயே, தண்ணீரைச் சுற்றியே உண்டு.

எம்பெருமானார் 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்தவர். இளையாழ்வார் என்ற திருநாமத்தோடு அவர் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்ததைக் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன. பாடத்தில் ஆசிரியருக்கும் சீடருக்கும் கருத்து மாறுபட்டது. மாறுபாடு மனக்கசப்பாகி, கசப்பு கொடிய எண்ணமாயிற்று. காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று, கங்கையில் அவரை முடித்துவிடுவது என்று ரகசியமாகத் தீர்மானித்தார்கள். உடன் வாசித்த கோவிந்தர், பின்னாளில் எம்பார் என்று நாம் கொண்டாடும் ஸ்வாமி, இதை அறிந்தார். இளையாழ்வாருடைய சிறிய தாயாரின் குமாரர் அவர். விந்தியக் காட்டு வழியிலே மற்றவர் காணாத சமயம் பார்த்துச் செய்தியைச் சொல்லித் தப்பிப் போகச் செய்தார். நீண்ட பேச்சுக்கு அங்கே நேரமில்லை. சொன்ன வார்த்தை சிலவே. அவ்வார்த்தைகளால் உலகுக்கு ஒரு ஆசாரியர் மிஞ்சினார்.

காட்டில் தனியே நின்ற அந்த இளைஞரிடம் ஒரு வேடனும் வேடுவச்சியும் வந்தார்கள். எங்கே போகிறீர் என்று கேட்டார்கள். நாங்களும் தெற்கே போகிறவர்கள்தாம், கூட வாரும் என்றார்கள். இருட்டியதும் ஓரிடத்தில் தங்கினார்கள். அந்த இரவில் வேடுவச்சிக்குத் தாகம் எடுத்தது. பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது, இருட்டில் இறங்க வேண்டாம், விடியட்டும் என்றான் வேடன். வழித்துணையாக வந்தவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்று இளையாழ்வார் அந்த இரவைக் கழித்தார். விடிந்ததும் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொணர்ந்து கொடுத்தார். ஒரு முறை, இரு முறை, மூன்று முறை. இன்னும் வேண்டும் என்றதால் நான்காம் முறை கொணர்ந்தபோது இருவரையும் காணோம். அவ்வழியே வந்தவர்களிடம் இது எந்த ஊர் என்று கேட்டார். புண்ணியகோடி விமானம் கண்ணுக்குத் தெரியும்போது இப்படியும் ஒருவர் கேட்பாரா என்று அவர்கள் வியந்தார்கள். விந்தியத்திலிருந்து ஓரிரவில் காஞ்சி வந்தாயிற்று. வந்தவர்கள் பெருந்தேவித் தாயாரும் தேவப்பெருமாளுமே என்று அப்போதுதான் விளங்கிற்று. செவிலிமேட்டுப் பக்கத்தில் அந்தச் சாலைக் கிணறு இன்றும் இருக்கிறது.

இவ்வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் ஓரிரவில் கடந்த தூரத்தையே அதிசயமாகச் சொல்வார்கள். அடியேனுக்கு அதைவிட அதிசயமாகப் படுவது அந்தத் தாகம். அனைத்துலகுக்கும் தாயானவளுக்குத் தாகம் எதற்கு? காட்டைக் கடத்தி உயிரைக் காத்தவர்கள் விடியற்காலையில் தங்கள் உருவத்தைக் காட்டி, நாம் இன்னார், உனக்கு இன்னது செய்தோம் என்று அருளியிருக்கலாம். இளையாழ்வார் விழுந்து ஸேவித்திருப்பார். ஆனால் அப்படிச் செய்திருந்தால் பெற்றுக்கொண்டவர் பெற்றுக்கொண்டவராகவே நின்றிருப்பார். கொடுக்க அவர் கையில் ஒன்றும் இருந்திராது. ஆகவே அந்த ஏழை மாணவரிடத்தில் இருந்ததையே கேட்டார்கள். அவரிடத்தில் பொன் இல்லை, சோறு இல்லை. கிணற்றில் இறங்கும் கால்களும் நீர் முகக்கும் கைகளும் இருந்தன. அவற்றுக்கு ஏற்ற அளவில் ஒரு தாகத்தை உண்டாக்கிக்கொண்டாள் பிராட்டி. உபகாரம் செய்தவர், செய்யப்பட்டவரின் தலை தாழாதபடி தாமும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய உபகாரம்!

அதன் பின் நடந்ததும் நோக்கத்தக்கது. இளையாழ்வார் திருக்கச்சி நம்பியிடம் சென்று நடந்ததை விண்ணப்பித்தார். பூவிருந்தவல்லியில் பிறந்து தேவப்பெருமாளுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தவர் நம்பி. அந்தக் கிணற்று நீரிலே திருவுள்ளம் வைத்தார்கள் போலும், நாள்தோறும் அதிலிருந்தே திருமஞ்சனத்துக்கு நீர் கொண்டு வாரும் என்று அவர் நியமித்தார். அன்று முதல் இளையாழ்வார் சாலைக் கிணற்றிலிருந்து தீர்த்தக்குடம் சுமந்தார். காட்டைக் கடத்திவிட்ட கடனுக்கு இது ஈடா என்று கணக்குப் பார்த்தால் ஈடாகாது. பெரியோர்கள் இதற்கு உபகார ஸ்ம்ருதி என்று பெயரிட்டார்கள். பெற்றதைத் திருப்பித் தருவது வேறு, பெற்றதை நினைத்திருப்பது வேறு. ஒரு முறை திருப்பித் தந்தால் கணக்கு முடிந்துபோகும். நினைவுக்கு முடிவில்லையாகையால் அது தினமும் ஒரு குடமாக வந்துகொண்டிருந்தது.

இனி ஸ்ரீவசனபூஷணத்துக்கு வருவோம். பிள்ளை லோகாசாரியர் அருளிச்செய்த அந்த ரகஸ்ய கிரந்தத்தில், எம்பெருமான் ஒரு சேதனனை அங்கீகரிக்க எப்படியெல்லாம் சாக்குத் தேடுகிறான் என்ற இடம் ஒன்று உண்டு. அறிந்து செய்த புண்ணியம் ஒன்றையும் காணாதபோது, அறியாமல் நேர்ந்துபோன நன்மைகளைத் தேடி எடுக்கிறானாம். யாத்ருச்சிக ஸுக்ருதம் என்று இதற்குப் பெயர். அடியவர் ஒருவருக்கு இவனால் தாகம் தீர்ந்ததா, நிழல் கிடைத்ததா, அதையே புண்ணியமாக எழுதிக்கொள்கிறானாம். மடிமாங்காய் இடுவது என்று சொல்வார்கள். வழியே போகிறவனுடைய மடியில் தன் தோப்பு மாங்காயைத் தானே இட்டு, என் மாங்காயை எடுத்தாய் என்று பிடித்துக்கொள்வது போல, இவன் செய்ததாக நினைத்தும் பாராத நன்மையை இவன் மடியில் இட்டு, நீ என்னுடையவன் என்று பிடித்துக்கொள்கிறான்.

இதை விளக்கும் பெரியோர்கள் சொல்லும் உதாரணங்கள் சுவையானவை. ஒருவன் தன் பயிருக்காகத் தண்ணீர் இறைக்கிறான். வழிநடந்து களைத்த அடியவர் ஒருவர் அந்த வாய்க்காலில் குனிந்து ஒரு கை நீர் அருந்திப் போகிறார். இறைத்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றொருவன் வீட்டு வாசலில் திண்ணை கட்டுகிறான். எதற்கு? தர்மத்துக்கா? சூதும் சதுரங்கமும் ஆட! மழைக்கு ஒதுங்க இடம் தேடி வந்த பாகவதர் அதில் இரவைக் கழிக்கிறார். சூதாட வந்த கூட்டாளிகள் அன்று இடமில்லாமல் திரும்பியிருப்பார்கள். வீட்டுக்காரன் முணுமுணுத்தும் இருக்கலாம். அவ்வளவும் இருந்தும், என் அடியாருக்கு நிழல் தந்தவன் என்று அவன் பெயர் எழுதப்பட்டுவிட்டது.

அப்படியானால் அறியாமல் செய்வதே போதுமே, அறிந்து ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர் உண்டு. சோம்பலுக்கு ஸம்ப்ரதாயத்தைத் துணைக்கழைக்கும் கேள்வி இது. அந்த இடத்தின் கருத்து நம்மைக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்வதன்று. கணக்கு நம் வேலையன்று என்பதே. செய்தவன் எழுதிவைத்த கணக்கை எம்பெருமான் பார்ப்பதில்லை. அவனிடத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. அதிலே நம் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் நாமே திகைத்துப்போவோம். பெரிதாக நினைத்தது அங்கே இராது, மறந்துபோனது இருக்கும். நாமோ கோயிலுக்கு ஒரு கல் இருக்கை போட்டால், உட்காருகிறவர் முதுகில் படும்படி உபயதாரர் பெயரைப் பொறித்தால்தான் திருப்தியடைகிறோம். பெயர் போடக் கூடாது என்று அடியேன் சொல்லவில்லை. எழுத்து கொஞ்சம் சிறிதாக இருக்கலாம்.

திண்ணை என்றதும் மனத்தில் ஒரு குறை எழுகிறது. நம் ஊர்களில் திண்ணைகள் ஏறத்தாழப் போய்விட்டன. இருந்தவையும் இரும்புக் கம்பிக்குள் அடைபட்டன. சுற்றுச்சுவரும் பூட்டிய கதவும் வந்துவிட்ட பிறகு, அறியாமல் செய்யும் புண்ணியத்துக்கும் வழி குறைந்துபோயிற்றே! முன்பு ஒன்றும் செய்யாமலே நிழல் தந்தோம். இன்று கதவைத் திறந்தால்தான் நிழல் தர முடியும். 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, அனந்தஸரஸ்ஸிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுந்தருளும் அத்திவரதர் 48 நாள் ஸேவை ஸாதித்தபோது இந்நகரம் அதைக் கண்டது. கூட்டம் தெருக்களில் மணிக்கணக்கில் நின்றது. வாசலில் குடத்து நீரை வைத்தவர்கள் உண்டு; வயது முதிர்ந்தவர்களை உள்ளே அழைத்து மின்விசிறியின் கீழ் அமர்த்தியவர்கள் உண்டு. கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூசி நின்ற பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதை உபகாரங்களில் மிகப் பெரிதென்று அடியேன் எண்ணுகிறேன். அதைப் பற்றி எந்த மலரிலும் யாரும் எழுதமாட்டார்கள். அடுத்த அத்திவரதர் ஸேவை 2059-இல். அன்று கதவைத் திறக்கப் போகிறவர்கள் இன்று குழந்தைகள்.

இதுகாறும் கொடுப்பதைச் சொன்னோம். பெற்றுக்கொள்வது இதைவிடக் கடினம். இதற்கும் காஞ்சியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதை உபந்யாஸகர்கள் பலர் சொல்லும் விதத்தில் அடியேனுக்குச் சிறிது மாறுபாடு உண்டு.

திருக்கச்சி நம்பி அமுதுசெய்த சேஷத்தைத் தாம் பெற வேண்டும் என்று இளையாழ்வார் ஆசைப்பட்டு அவரை வீட்டுக்கு அழைத்தார். தேவிகள் தஞ்சமாம்பாள் தளிகை செய்தார். நேரமாயிற்றே என்று இவர் நம்பியைத் தேடி ஒரு தெருவழியே போக, நம்பி மற்றொரு தெருவழியே வந்தார். கைங்கர்யத்துக்கு நேரமாகிறது, இருப்பதை இடும் அம்மா என்றார். அந்த அம்மாள் இலை போட்டு முறையாகப் பரிமாறினார். நம்பி அமுதுசெய்து சென்றார். உடனே அம்மாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, மிச்சத்தை வெளியே கொடுத்துவிட்டு, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். குலத்தால் தம்மினும் குறைந்தவர் உண்ட இடம் என்பது அவருடைய எண்ணம். இளையாழ்வார் திரும்பி வந்து, ஆசைப்பட்ட சேஷம் போயிற்றே என்று வருந்தினார்.

இவ்விடத்தில் கூட்டம் சிரிக்கும்படி அந்த அம்மாளைப் பேசுகிறவர்கள் உண்டு. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அவர் சோறு இடாமல் அனுப்பவில்லை. குறைவாகவும் இடவில்லை. அவர் அறிந்திருந்த ஆசாரத்தில் ஒரு பிசகும் செய்யவில்லை. இலையில் எல்லாம் விழுந்தது. மனம் மட்டும் இலைக்கு அப்பால் நின்றது. நம்மில் எத்தனை பேர் இவ்விதம் நாள்தோறும் கொடுக்கிறோம்! வேலை செய்ய வருகிறவளுக்குத் தனியாக ஒரு குவளை வைத்துக் காபி கொடுக்கும் வீடுகள் போன தலைமுறையோடு தீர்ந்துவிட்டனவா? காபியில் குறையில்லை. குவளை பேசுகிறது.

பின்பு பெரிய நம்பி தம் தேவிகளோடு காஞ்சிக்கு எழுந்தருளி, இளையாழ்வார் திருமாளிகையிலேயே தங்கித் திவ்யப்பிரபந்தம் முதலானவற்றை உபதேசித்துவந்தார். ஒருநாள் இரு பெண்மணிகளும் கிணற்றில் நீர் எடுத்தார்கள். பெரிய நம்பியின் தேவிகளிடமிருந்து சில துளி நீர் தஞ்சமாம்பாளின் குடத்தில் தெறித்தது. வார்த்தை தடித்தது, குலம் பேசப்பட்டது. இளையாழ்வார் அப்போது வீட்டில் இல்லை. பெரிய நம்பி ஒரு சொல்லும் சொல்லாமல், விடையும் பெறாமல், தேவிகளை அழைத்துக்கொண்டு திருவரங்கம் போய்விட்டார். அதன் பின்னரே இளையாழ்வார் இல்லறம் துறந்து, தேவப்பெருமாள் ஸந்நிதியில் துறவறம் பூண்டார்.

ஒரே ஊர், இரண்டு கிணறுகள். ஒன்றில் ஊர் பேர் தெரியாத வேடுவச்சிக்காக நீர் முகந்தார்கள். மற்றதில் வீட்டுக்கு வந்த ஆசாரியபத்தினியின் கையிலிருந்து தெறித்த நான்கு துளி நீரைப் பெற்றுக்கொள்ள முடியவில்லை. குடத்தில் விழுந்ததும் தண்ணீர்தான். ஊற்றினால் போயிருக்கும், வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாயிருக்கும். அந்த நான்கு துளியைப் பொறுத்திருந்தால் தஞ்சமாம்பாளின் வாழ்வு எவ்விதம் போயிருக்குமோ! சிறு உபகாரம் சிறிதாக இருப்பது போல, சிறு மறுப்பு சிறிதாக இருப்பதில்லை.

பெற்றுக்கொள்ள மறுப்பது எப்போதும் அகந்தையால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பக்தியே மறுப்பாகிவிடுவதும் உண்டு. எம்பெருமானார் நியமனப்படி அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் அமைத்து, அதற்கு நீர் வேண்டி ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த தேவிகளும் மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து, நான் சுமக்கிறேன் என்றான். இது எங்கள் கைங்கர்யம், பிறருக்குப் பங்கில்லை என்று அனந்தாழ்வான் விரட்டினார். சிறுவன் அவர் கண்ணில் படாமல் அந்த அம்மாளின் கூடையைப் பாதிவழியில் வாங்கிச் சுமந்தான். அம்மாள் கொடுத்தாள்; அவளுக்கு மூச்சு வாங்கியது, கொடுத்தாள். கண்டுகொண்ட அனந்தாழ்வான் கோபத்தில் கடப்பாரையை எறிய, அது சிறுவனின் மோவாயில் பட்டு ரத்தம் பெருகிற்று. ஸந்நிதியில் சென்று பார்த்தால் திருவேங்கடமுடையான் மோவாயில் ரத்தம். பச்சைக் கற்பூரத்தை வைத்து அடைத்தார்கள். இன்றும் திருமலையில் அந்தத் திருமோவாயில் கற்பூரம் சாத்தப்படுகிறது. மகாத்துவாரத்தில் அந்தக் கடப்பாரை இருக்கிறது.

கைங்கர்யத்தில் அனந்தாழ்வானுக்கு இருந்த ஊற்றத்தைப் பெரியோர் கொண்டாடுவர், அது தக்கதே. ஆயினும் மண்கூடையைக் கை மாற்றிக் கொடுத்த அந்த அம்மாளை யாராவது கொண்டாடினால் அடியேன் மகிழ்வேன். சுமக்க வந்தவன் யார் என்று அவள் கேட்கவில்லை. தனக்கு இயலவில்லை என்பதை ஒப்புக்கொண்டாள். திருவேங்கடமுடையான் மண் சுமந்தான் என்ற பெருமை அவனுக்குக் கிடைத்தது அவள் கூடையைக் கொடுத்ததனால் அன்றோ!

சில ஆண்டுகளுக்கு முன் இதே கருட ஸேவையன்று, மாடவீதியில் ஒரு வாசற்படியில் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். பள்ளிச் சிறுவன் ஒருவன் தம்ளரில் நீர்மோர் கொண்டுவந்து நீட்டினான். அதற்குச் சற்றுமுன் அதே தம்ளரை ஒரு கனவான், வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசி விலக்கியிருந்தார். பையன் முகம் வாடியிருந்தது. மூதாட்டி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "உன் பேர் என்னப்பா? யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அவன் சொன்னதைக் கேட்டு, பிறகுதான் அருந்தினார். "உப்பு சரியா இருக்கு, யார் கரைச்சது?" என்றார். "எங்க பாட்டி" என்றான் அவன். "பாட்டிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்று அவன் தலையைத் தடவினார். பையன் ஓடினான். அடுத்த நொடியே இன்னும் நான்கு தம்ளர்களோடு வந்துவிட்டான். அந்த வாசற்படியில் இருந்தவர்கள் எல்லோரும் பருக வேண்டியதாயிற்று. அன்று அங்கே கொடுத்தது யார், வாங்கியது யார் என்று பிரித்துச் சொல்ல அடியேனால் இயலவில்லை.

இக்காலத்தில் அறம் பெரிய அளவில் ஒழுங்கு செய்யப்படுகிறது. தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கப்பட்டது; 2012-இல் திருவரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னம் இடும் ஏற்பாடு வந்தது. மிக நல்ல காரியம். பசித்தவருக்கு முதலில் வேண்டியது சோறு. ஆனாலும் பந்தியில் அமர்ந்தவருக்குத் தெரியும்: வாளியோடு வருகிறவர் இலையைப் பார்த்துப் போடுகிறாரா, முகத்தைப் பார்த்துப் போடுகிறாரா என்று. முதியவர் ஒருவர் ரசத்துக்குக் கை காட்டுமுன் நின்று கேட்கிறவரைத் திட்டத்தால் ஏற்படுத்த முடியாது. அவர் தாமாக ஏற்பட வேண்டும்.

இடம் கொடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் நிற்கிறோம். காஞ்சித் திருவெஃகாவில் அவதரித்த பொய்கையாழ்வார் ஒரு மழை இரவில் திருக்கோவலூரில் ஓர் இடைகழியில் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். படுத்தவர் எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்தார். உட்கார்ந்த இருவரும் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவர் வந்தபோதும் உள்ளே இருந்தவருக்கு ஒரு சௌகரியம் குறைந்தது. படுக்கை போயிற்று, இருப்பும் போயிற்று. மூவர் நிற்கத்தான் இடம் என்றானபோது நான்காமவனாக ஒருவன் புகுந்து நெருக்கினான். முதலாழ்வார்கள் மூவரின் திருவந்தாதிகளும் அந்த நெருக்கத்தில் பிறந்தன. முதலில் வந்தவர், கதவை அடைத்துக்கொண்டு, இடமில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

கருட ஸேவையைக் காண நிற்பவர்களுக்கு இன்னும் ஒன்று. உற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில் தேவப்பெருமாள் கருடன்மேல் எழுந்தருளிக் கோபுரவாசலுக்கு வரும்போது, ஒரு கணம் குடைகளைத் தாழ்த்தி அவனை மறைப்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஏன் மறைக்கிறார்கள் என்று கழுத்தை நீட்டுவார்கள். சோளசிங்கபுரத்தில் தொட்டாசாரியர் என்னும் மகான் இருந்தார். ஆண்டுதோறும் இந்தக் கருட ஸேவைக்கு வந்து ஸேவிக்கிற வழக்கமுடையவர். முதுமையில் ஓர் ஆண்டு வர இயலாமல், தம் ஊர்த் தக்கான் குளக்கரையில் நின்று, இந்நேரம் அங்கே எழுந்தருளுவானே என்று நெஞ்சுருகி நின்றார். தேவப்பெருமாள் இங்கிருந்து அந்தக் கணத்தில் அங்கே சென்று கருடன்மேல் ஸேவை ஸாதித்து மீண்டான் என்பது வரலாறு. அதன் நினைவாகத்தான் அந்த மறைப்பு. தொட்டாசாரியர் ஸேவை என்றே அதற்குப் பெயர்.

இரவெல்லாம் கண்விழித்து, நெரிசலில் நின்று, இதோ வந்துவிட்டான் என்று கைகூப்புகிற நேரத்தில், வராத ஒருவருக்காக இத்தனை ஆயிரம் பேரும் தங்கள் ஸேவையில் ஒரு கணத்தை விட்டுக்கொடுக்கிறோம். அவரை நாம் கண்டதில்லை. அவர் காலம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே போயிற்று. ஆயினும் ஆண்டுதோறும் குடை தாழ்கிறது. நம் வீட்டிலும் கால் ஓய்ந்து, வர இயலாமல், திண்ணையோ ஜன்னலோ ஓரமாக அமர்ந்து காஞ்சியை நினைத்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருப்பார். குடை தாழும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் பக்கத்துக் குழந்தைக்குக் கருடன் தெரிகிறதா என்றும் பாருங்கள். குடை சீக்கிரம் எழுந்துவிடும்.